லயம் இடிந்தபிறகு சங்கம் தொடங்க நினைப்பவர்களுக்கு

லயம் என்றால் ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த வீடுகள். அது இடிந்து ஆட்கள் சிதறியபிறகு, சங்கம் தொடங்கலாம் என்ற பேச்சு பெரும்பாலும் சாவு வீட்டில்தான் ஆரம்பிக்கும். கூடாரத்தின் கீழ் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்போம், யாராவது ஒருவர், "நம்ம தோட்டத்து ஆளுங்க எல்லாம் இப்படி சாவுக்குத்தான் ஒண்ணு கூடுறோம், ஏதாச்சும் செய்யணும்லா" என்பார். மறுநாள் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு குழு. அதில் நூறு பேர், காலை வணக்கப் பூக்கள், அப்புறம் ஒருவர் கட்சிச் செய்தியைப் போட, இன்னொருவர் பதிலுக்குத் திட்ட, மூன்றாவது மாதம் குழுவில் மிச்சம் இருப்பது மூன்று பேரும் ஒரு காப்புறுதி முகவரும். நான் அப்படி இரண்டு குழுக்களைப் பார்த்துவிட்டேன். மூன்றாவது தடவைதான், தோட்டத்துக் கதைகளையும் படங்களையும் சாமான்களையும் சேர்த்துவைக்கிற, பிள்ளைகளுக்கு விளையாட்டும் நடத்துகிற சங்கமானது. ஒன்பது வருஷம் அதில் செயலாளராக இருந்துவிட்டு, போன வருஷம் மினிட் புத்தகத்தையும் ரப்பர் முத்திரையையும் இருபத்தாறு வயசுப் பிள்ளை ஒருத்தியிடம் கொடுத்தேன். அவள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதப்போய் இவ்வளவு நீண்டுவிட்டது.

எங்கள் ஊர் மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா. பெயர் மாறியது 2007இல்தான், அதனால் பெரியவர்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை. பக்கத்திலேயே தென்னமரம் தோட்டம். இந்த நாட்டில் வியாபாரத்துக்கென்று முதன்முதலாகச் செம்பனை நட்ட இடம் அதுதான், 1917இல், ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டார். நட்டார் என்றால் நடவைத்தார். தோட்டத்தின் பெயரே தமிழில் இருக்கிறது, ஆனால் குழி வெட்டியவர்களில் ஒருவர் பெயராவது சொல்லுங்கள் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் மேலே பார்ப்பார்கள். சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் வேறு விளக்கம் சொல்வதில்லை.

சங்கத்துக்கு முன்னால் கிழவர்கள்

எல்லாரும் செய்யும் தப்பையே நாங்களும் செய்தோம். முதல் நான்கு மாதம் சங்கச் சின்னத்தில் ரப்பர் மரம் வெட்டும் உளி இருக்க வேண்டுமா, ரப்பர் பால் பிடிக்கும் மங்கு இருக்க வேண்டுமா என்று சண்டை போட்டோம். அந்த நான்கு மாதத்துக்குள் ஒரு தாத்தா போய்விட்டார். ஜப்பான்காரன் போடவைத்த சயாம் மரண ரயிலுக்குப் போய்த் திரும்பிவந்த அப்பா, திரும்பாத சித்தப்பா இரண்டு பேரையும் நினைவு வைத்திருந்த ஒரே ஆள். அவர் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு. தினமும் காலையில் அவர் வாசலைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன்.

ஆகவே முதல் வேலை இதுதான். ஊரில் எண்பது வயசைத் தாண்டியவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். உடம்பு முடியாதவர்களை மேலே போடுங்கள். பதிவு, தலைவர், பெயர்ப்பலகை எதுவும் இதற்குத் தேவையில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பேசுவதற்குச் சட்டம் தடை சொல்லாது.

போகும்போது இருவர் போங்கள், ஒருவர் பேச, ஒருவர் போனைப் பார்த்துக்கொள்ள. போனை ஏரோபிளேன் முறையில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நல்ல இடத்தில் அழைப்பு வந்து பதிவு அறுந்துபோகும். மேசைமேல் நேராக வைக்காமல் மடித்த துண்டின்மேல் வையுங்கள். காற்றாடியை நிறுத்தச் சொல்வது நம் வெயிலுக்கு அநியாயம்தான், ஆனால் அதன் சத்தம் பதிவில் மழை மாதிரி கேட்கும், இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்திப் போட்டுக்கொள்ளலாம். முதல் வாக்கியமாகத் தேதி, இடம், அவர் பெயர், உங்கள் பெயர் நான்கையும் சொல்லிவிடுங்கள். பிறகு மூன்று கேள்வி: இதைப் பதிவு செய்யலாமா, சங்கத்தில் வைக்கலாமா, வெளியே மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டலாமா. மூன்றும் வேறு வேறு சம்மதம். ஒரு பாட்டி முதல் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு மூன்றாவதற்கு, "நான் செத்தப்புறம் போடு" என்றார். அப்படியே எழுதி வைத்திருக்கிறோம்.

"உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால், "கஷ்டப்பட்டோம்பா, அவ்வளவுதான்" என்று ஒரு வரியில் முடிந்துவிடும். கையில் ஒரு சாமான் கொண்டுபோங்கள். பழைய உளியோ, மங்கோ, பால் சுமக்கும் காண்டா வாளியோ. அதைக் கையில் வாங்கியதும் விரல் தானாக வெட்டுகிற மாதிரி வளையும், பேச்சும் வரும். பிரட்டுக்கு (விடியற்காலை ஆள் கணக்கெடுப்பு) எத்தனை மணிக்குப் போவீர்கள், உங்கள் நிரையில் எத்தனை மரம், ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டுப் போகும்போது என்ன கொடுத்தனுப்புவீர்கள், மழை பெய்து வெட்டு இல்லாத நாளில் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது. சின்னக் கேள்வியாகக் கேளுங்கள், பெரிய பதில் வரும்.

இதைவிடவும் நல்ல வழி ஒன்றை நாங்கள் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தோம். ஒரு பெரிய மணிலா அட்டை வாங்குங்கள். நான்கைந்து பெரியவர்களை ஒன்றாக உட்காரவைத்து லயத்தை வரையச் சொல்லுங்கள். முதலில் தண்ணீர்க் குழாய், பிறகு கோயில், ஆபீஸ், பால் ஸ்டோர், கள்ளுக்கடை, கிராணி (கணக்கர்) வீடு, மேட்டில் துரை பங்களா. அப்புறம் ஒவ்வொரு கதவுக்கும் யார் குடியிருந்தது என்று பெயர். அங்கேதான் சண்டை வரும். "அது மூணாவது வீடு இல்ல, நாலாவது, மூணுல தண்டல் இருந்தாரு." சண்டையைத் தீர்த்துவைக்காதீர்கள், பதிவு ஓடட்டும். எங்கள் தோட்டத்து லயம் இப்போது இல்லை, அந்த இடத்தில் இரட்டை மாடி வீடுகள். ஆனால் நாற்பத்திரண்டு கதவில் முப்பத்தெட்டுக்குப் பெயர் கிடைத்துவிட்டது, எல்லாம் ஒரே மத்தியானத்தில், இரண்டு பாக்கெட் மேரி பிஸ்கட் செலவில்.

வருஷம் கேட்டால் தெரியாது என்பார்கள். நிகழ்ச்சியை வைத்துக் கேளுங்கள். ஜப்பான்காரன் காலத்துக்கு முன்பா பின்பா (1942 முதல் 1945), கம்யூனிஸ்டுக் கலக அவசரகாலத்தில் முள்கம்பி வேலிக்குள் அடைத்தபோதா (1948 முதல் 1960), சுதந்திரத்துக்கு அப்புறமா, தோட்டத் துண்டாடலில் வெள்ளைக்காரன் விற்றுவிட்டுப் போன சமயமா, அமைச்சர் துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பங்கு பிடிக்கச் சொன்ன காலமா (தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது 1960), சிவப்பு அடையாளக் கார்டுக்காரர்கள் (குடியுரிமை கிடைக்காதவர்கள்) வேலை பெர்மிட் இல்லாமல் கப்பலேறினார்களே அப்போதா. அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டால் பல வீட்டில் கொஞ்ச நேரம் பேச்சு நிற்கும். அந்தப் பெர்மிட்டைக் கட்டாயமாக்கிய 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரிந்த குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அவசரப்படுத்தாதீர்கள்.

வருஷத்தைச் சரிபார்க்க எழுத்துச் சான்றும் வேண்டும். தமிழ்ப்பள்ளி வரவுப் பதிவேடு, கல்லறைக் கல், திருவிழா அழைப்பிதழ், தொழிற்சங்க அட்டை, கூட்டுறவுப் பங்குப் பத்திரம் எல்லாம் உதவும். எனக்கு மிகவும் பிடித்தது கேடயங்கள். அலமாரிமேல் தூசு படிந்து கிடக்கும் காற்பந்துக் கேடயத்தின் வெள்ளித் தகட்டில் எந்த வருஷம், தோட்டத்தின் எந்த டிவிஷன் (பிரிவு) என்று பொறித்திருக்கும். அதை யாரும் பத்திரம் என்று நினைப்பதில்லை.

இன்னொன்று, இதை எழுதலாமா என்று யோசித்தேன். லயத்துப் பேச்சில் சாதி வரும். யார் எந்த வரிசையில் குடியிருந்தார்கள், யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கமாட்டார்கள், யார் யாரைக் கூட்டிக்கொண்டு ஓடினார்கள். பதிவை வெட்டாதீர்கள், நடந்தது நடந்ததுதான். ஆனால் உயிரோடு இருப்பவர்களைப் பற்றியதென்றால் பூட்டி வையுங்கள். புலனத்தில் துண்டு துண்டாகப் போடவே கூடாது.

படங்களை வீட்டைவிட்டு எடுத்துவராதீர்கள்

"கொடுங்க அண்ணி, ஸ்கேன் பண்ணிட்டு நாளைக்குத் தர்றேன்" என்று வாங்கிய ஆல்பம் மூன்று வருஷம் ஒருவர் காரின் பின்பெட்டியில் கிடந்தது. அந்த வீட்டு மனிதர்கள் எங்களோடு பேச அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஆனது. ஸ்கேனரைத்தான் வீட்டுக்குத் தூக்கிப்போக வேண்டும். சின்னப் படங்களுக்கு 600 டிபிஐ, கடிதம் பத்திரங்களுக்கு 300 போதும். பசை ஒட்டும் ஆல்பத்தில் பிளாஸ்டிக் தாளுக்குள் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், தாளோடு சேர்த்தே படம் பிடியுங்கள். பின்பக்கம் எழுத மென்மையான பென்சில், பேனா வேண்டாம். லேமினேட் செய்துவிடுகிறேன் என்று ஒரு நல்ல மனசுக்காரர் கண்டிப்பாக வருவார், அவரைத் தடுப்பதும் செயலாளரின் கடமை. படத்தில் இடமிருந்து வலமாக யார் யார் என்று அங்கேயே உட்கார்ந்து எழுதுங்கள். பெயர் இல்லாத படம் அடுத்த தலைமுறைக்கு வெறும் சட்டையும் புடவையும்தான்.

எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி. இரண்டு வன்தட்டு, இரண்டும் வேறு வேறு வீட்டில், மூன்றாவது இணையச் சேமிப்பில். 2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலாங்கூரில் எத்தனை வீட்டுக் கல்யாண ஆல்பம் சேற்றோடு போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் இதை இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்காது.

பிள்ளைகள் பந்துக்குத்தான் வருவார்கள்

கதை கேட்க வாருங்கள் என்று அழைத்தால் பதினாறு வயசுப் பையன் வரமாட்டான். நாங்கள் ஒரு கதை சொல்லும் மாலை வைத்தோம், வந்தவர்கள் எல்லாரும் கதையில் இருந்தவர்கள்தான். அப்புறம் ஒரு காற்பந்துப் போட்டி வைத்தோம், ஒரே ஒரு நிபந்தனையோடு. குழுக்களின் பெயர் பழைய டிவிஷன் பெயர்களாக இருக்க வேண்டும், ஆடுகிறவன் தாத்தா பாட்டி எந்த டிவிஷனோ அந்தக் குழுவில்தான் ஆட வேண்டும். பையன்கள் வீட்டுக்குப் போய், "தாத்தா, நாம மேல் டிவிஷனா கீழ் டிவிஷனா?" என்று கேட்டே ஆக வேண்டியதாயிற்று. நாங்கள் அலைந்தும் கிடைக்காத கதையெல்லாம் அந்த ஒரு வாரத்தில் வீட்டுக்கு வீடு வெளியே வந்தது. ஒரு பையனுக்கு அம்மா வழி ஒரு டிவிஷன், அப்பா வழி ஒரு டிவிஷன். முதல் பாதி இங்கே, இரண்டாம் பாதி அங்கே என்று விட்டுவிட்டோம்.

கபடி இன்னும் எளிது, செலவு சுண்ணாம்புத் தூள் மட்டும்தான். ஆண்களுக்கு 13க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12க்கு 8 மீட்டர் அளவில் கோடு போடுங்கள், பக்கத்துக்கு ஏழு பேர். சடுகுடு என்று ஆடிய பெரியவர்கள் விதி மாறிவிட்டது என்று திடலோரத்தில் கத்துவார்கள். அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்துவிடுங்கள், வர்ணனைக்கு ஆள் தேட வேண்டாம். சிலம்பம் கற்றுக்கொடுக்க ஆள் இருந்தால் அது வேறு, வாரா வாரம் நடக்கிற வகுப்பு, அதற்குப் பொறுமையான ஒருவர் வேண்டும். உறுமி மேளமும் அப்படியே. பையன்கள் நிறைய வருவார்கள், பயிற்சி நேரத்தை அக்கம்பக்கத்தோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் போலீஸ் புகார் வரும்.

திடலுக்கு நகராண்மைக் கழகத்துக்கு ஒரு மாதம் முன்பே கடிதம் கொடுங்கள். முதலுதவிக்கு ஆள் வையுங்கள். தண்ணீர், பனிக்கட்டி, பெரியவர்களுக்கு நிழலில் நாற்காலி. ரொக்கப் பரிசு மட்டும் வேண்டாம். ஒரு வருஷம் இரண்டாயிரம் ரிங்கிட் என்று அறிவித்தோம். இறுதி ஆட்டத்தில் ஒரு குழுவில் நான்கு பேரை ஊரில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. யாருடைய பேரன் என்று கேட்டதற்கு ஒருவன், "காசு குடுத்தாங்க, வந்தேன் அங்கிள்" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டான்.

இப்போது பதிவு

ஆட்கள் சேர்ந்து, பணம் வசூலித்து, சங்கம் என்று பெயர் வைத்துவிட்டால் பதிவைத் தள்ளிப்போட முடியாது. 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்படி ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் அது சங்கம், பதியாத சங்கம் சட்டவிரோதம். விண்ணப்பம் சங்கப் பதிவிலாகாவின் இ-ரோசஸ் முறையில், இணையத்திலேயே. முதலில் எது உங்கள் முக்கிய வேலை என்று முடிவு செய்யுங்கள். விளையாட்டுதான் முழுமூச்சு என்றால் போக வேண்டிய இடம் விளையாட்டு ஆணையர் அலுவலகம், 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம். இளைஞர் அமைப்பு என்றால் இளைஞர் பதிவதிகாரி, அதற்குத் தனிச் சட்டம், 2007ஆம் ஆண்டினது. எல்லாமும் கலந்த எங்களைப் போன்றவர்களுக்குச் சங்கப் பதிவிலாகாதான் சரி.

தொடக்கக் கூட்டத்தின் மினிட்டைக் கவனமாக எழுதுங்கள், யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்பது உட்பட. சட்டவிதிகளுக்கு இலாகாவின் மாதிரி இருக்கிறது, அதைப் பின்பற்றினால் பாதி வேலை முடிந்தது. மாதிரியில் கோரம் (கூட்டம் செல்ல வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) பற்றிய வரியை மாற்றிவிடாதீர்கள்: உறுப்பினரில் பாதிப் பேர், அல்லது செயற்குழுவின் இரண்டு மடங்கு, இதில் எது குறைவோ அது. நம் ஆட்கள் வீராப்பாக, "மூணில ரெண்டு பங்கு வரணும்" என்று எழுதிவிட்டு, பிறகு ஆண்டுப் பொதுக்கூட்டத்தன்று கோபித்தியாமுக்கு (காப்பிக்கடை) போய்க் கையைப் பிடித்து ஆள் இழுத்துவருவார்கள்.

நீங்களாகச் சேர்க்க வேண்டிய விதி ஒன்று உண்டு, பலரும் மறப்பது. சங்கம் கலைந்தால் படங்களும் பதிவுகளும் எங்கே போகும்? பணத்தைப் பற்றி எழுதுவார்கள், பெட்டியைப் பற்றி எழுதமாட்டார்கள். பள்ளிக்கூட நூலகமோ வேறு இடமோ, முன்பே கேட்டுச் சம்மதம் வாங்கி விதியில் போட்டுவிடுங்கள்.

உறுப்பினராக இந்தத் தோட்டத்தில் பிறந்திருக்க வேண்டும் என்று நாங்கள் முதலில் எழுதினோம். மடத்தனம். தாமானில் (இப்போது குடியிருக்கும் வீடமைப்புப் பகுதி) பாதிப் பேர் வேறு தோட்டத்திலிருந்து வந்தவர்கள், மருமகளாக வந்த பெண்கள் அதைவிட அதிகம், வேலை செய்யக்கூடியவர்களும் அவர்கள்தான். இரண்டாவது வருஷமே திருத்தினோம்.

பதவிகள் பற்றி நீளமாக எழுத மனசில்லை. மாலை போட்டால் சந்தோஷப்படுகிறவர்களுக்கு ஆலோசகர் பதவி, பள்ளிக்கூடத்தில் வேலை செய்த யாராவது பொருளாளர், தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை என்பவர் செயலாளர். புருஷன் தலைவர், மனைவி பொருளாளர் என்று மட்டும் வைக்காதீர்கள், அவர்கள் தங்கமானவர்களாக இருந்தாலும் பேச்சு வரும்.

ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையை இலாகாவுக்கு அனுப்ப வேண்டும். இதைத்தான் பல சங்கங்கள் விட்டுவிட்டு, பதிவு ரத்துக் கடிதம் வந்தபிறகு தலையில் கை வைக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தில் அறிக்கையும் தயார், கணக்கும் தயார், ஆனால் இ-ரோசஸ் கடவுச்சொல் பழைய செயலாளருக்கு மட்டும் தெரியும், அவரோ கோபித்துக்கொண்டு ஜொகூருக்குப் போய்விட்டார். கடவுச்சொல்லை உறையில் போட்டு ஒட்டித் தலைவரிடம் கொடுத்து வையுங்கள்.

பணம்

வங்கிக் கணக்குக்கு மூன்று பேர் பெயர், ஏதாவது இரண்டு கையெழுத்து. கோயில் கணக்கும் சங்கக் கணக்கும் ஒன்றாகவே கூடாது, ஆட்கள் அதே ஆட்களாக இருந்தாலும். மாதச் சந்தா இரண்டு ரிங்கிட் வைத்தாலும் ரசீது கொடுங்கள். வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்கப் போனால் அதற்கு உரிமம் வேண்டும், 1947ஆம் ஆண்டிலிருந்து அதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது, போலீஸில் கேளுங்கள். பெரிய நன்கொடையாளர்கள் வரிவிலக்கு ரசீது உண்டா என்பார்கள். அது வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் தனியாக விண்ணப்பித்து வாங்குவது, புதுச் சங்கத்துக்கு அந்தக் கவலை வேண்டாம். யாராவது மொத்தச் செலவையும் ஏற்கிறேன், பதாகையில் என் படம் மட்டும் பெரிதாக இருக்கட்டும் என்றால், எவ்வளவு பெரிது என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். எங்கள் பொங்கல் பதாகையில் ஒருமுறை பானையே தெரியவில்லை.

சாமான்கள் வைக்கும் அறை

கோயில் மண்டபத்தின் பின்னறை போதும். தரையில் வைக்காதீர்கள், கரையான். சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள், ஈரம். உளியில் துரு இருந்தால் உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கிவிடாதீர்கள், மேலே லேசாக எண்ணெய் தடவினால் போதும், பிடியில் கை பட்ட கறுப்பு அப்படியே இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் நூலில் கட்டிய அட்டை: யார் கொடுத்தது, எந்த வருஷம், கொடுத்ததா இரவலா. இந்தக் கடைசி வார்த்தையை எழுதாமல் விட்டதால் ஒரு பித்தளை அண்டா யாருடையது என்று எங்களுக்கு இன்னும் வழக்கு நடக்கிறது.

சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து மணிக்கு முன்னால் வேண்டாம், குளித்துச் சாமி கும்பிட்டுப் பசியாறிவிட்டு உட்கார நேரமாகும். மத்தியானம் நாடக நேரத்தில் போகவே போகாதீர்கள். பையில் போன், சார்ஜர், இரண்டு பென்சில், மணிலா அட்டை, ஒரு உளி அல்லது மங்கு, பாட்டிக்குப் பல் இருக்கிறதோ இல்லையோ எதற்கும் மென்மையான பிஸ்கட். அவர் உங்களைப் பார்த்து முதலில் கேட்கும் கேள்வி, "நீ யாரு வீட்டுப் புள்ள?" என்பதுதான். அதற்குப் பதில் தெரிந்துகொண்டு போங்கள், தாத்தா பெயர், டிவிஷன், முடிந்தால் வீட்டு எண்ணும்.